கிருமியின் குலம்

இந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாப்பாட்டின் மேல் நம்பிக்கை இல்லை. சாப்பாடு போடுகிறவன் மேல் சுத்தமாக இல்லை. கறி விருந்தில் இலை போட்டதும் சட்டைப் பையிலிருந்து கோலை எடுத்து முதல் துண்டில் குத்துகிறார்கள். பச்சை எரிந்தால்தான் வாய் திறக்கும். விருந்து போட்டவன் கையைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறான். உப்பு போதுமா, காரம் ஏறிவிட்டதா என்று கேட்கிற பழக்கமெல்லாம் ஒழிந்துவிட்டது. "பச்சைங்களா?" என்று மட்டும்தான் கேட்கிறான். ஆமாம் என்று தலையாட்டினால் அவனுக்கு உயிர் வருகிறது. இதற்குப் பெயர் விருந்து.

சென்னியப்பனுக்கு இந்தக் கோலைக் கண்டாலே ஆகாது. வயது எழுபத்தொன்று. ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. காங்கேயத்துக்குத் தெற்கே நாலு ஏக்கரில் பரண் போட்ட கொட்டகை, அதில் அறுபத்து நாலு ஆடுகள். மனைவி போய்ப் பத்து வருடமாகிறது. அவர் பேசுவதெல்லாம் ஆடுகளிடம்தான், அதுவும் பெரும்பாலும் திட்டு.

கோல் என்பது கிருமிக்கோல். பேனா நீளம்தான் இருக்கும். ஆட்டின் மூக்கோரத்தில் வைத்து மூன்று எண்ணினால் போதும். மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தால் சிவப்பு எரியும், இல்லாவிட்டால் பச்சை. வெந்த கறியில் செத்துப்போன கிருமியின் தடத்தைக்கூட அது மோந்துவிடும். ஒரு காலத்தில் கோழிக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் தீவனத்தில் உப்பைக் கலக்கிற மாதிரி மருந்தைக் கலந்தார்கள். தின்று தின்று கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப் போயின. அப்புறம் காலில் முள் குத்தினவன்கூடச் செத்தான். அந்தப் பெருநோய் வருடத்துக்குப் பிறகுதான் சட்டம் வந்தது. கால்நடைக்கு இனி மருந்து கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டும் மனிதனுக்கு மட்டும். எந்த ஆட்டிலாவது சிவப்பு எரிந்தால், அது பிறந்த கொட்டகையிலுள்ள அத்தனையும் இரண்டு நாளைக்குள் சுண்ணாம்புக் குழிக்குப் போகவேண்டும்.

தும்மினால் ஒரு மாத்திரை, இருமினால் இரண்டு மாத்திரை என்று மனிதனும்தான் அதே மருந்தை விழுங்கினான். அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. சென்னியப்பன் டீக்கடையில் இதைச் சொன்னால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவர் கொட்டகையிலிருந்து ஒரு கருங்கிடாய் கருப்பராயன் கோயிலுக்குப் போயிற்று. வாங்கினவர் பெருந்துறை லோகநாதன். அவருடைய மகன் கவினுக்கு முப்பத்து நாலு வயது. போன வருடம் கதவிடுக்கில் கால் நகம் பிய்ந்து, புண் சீழ் வைத்து, ஒரு மருந்துக்கும் கேட்காமல் மூன்று மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து வந்தால் குலசாமிக்குக் கிடாய் வெட்டுவதாக நேர்ந்திருந்தார்கள். பிழைத்து வந்துவிட்டான்.

கிடாயை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவதுதான் சென்னியப்பனின் வழக்கம். அன்றைக்கு லோகநாதன் விடவில்லை.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா. உங்க கையில வளர்ந்தது."

"நான் வளர்த்ததை நான் திங்கறதில்லீங்க."

"அப்ப ரசஞ்சோறாச்சும் திங்கலாமுங்க."

சரி என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். காலை எட்டு மணிக்குத் தன் கொட்டகையில் வைத்தே கோல் போட்டிருந்தார். பச்சை. அதெல்லாம் கோலுக்குள்ளேயே பதிவாகிவிடும்.

அந்தக் குலத்தில் ஒரு முறை உண்டு. யாருக்காக நேர்ந்தார்களோ அவன்தான் கிடாயின் முகத்தைக் கழுவி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, ஒரு பிடி பச்சரிசியும் வெல்லமும் தன் கையால் ஊட்டவேண்டும். கவின் வந்தான். நல்ல பையன்தான், ஆனால் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்தான். அதே கையால் கிடாயின் முகத்தை வழித்தான், வாயில் அரிசியைத் திணித்தான்.

"மூக்கைத் தொடச்ச கையிலயே ஊட்டறயே கண்ணு," என்றார் சென்னியப்பன்.

"சளியில்லீங்க மாமா, தூசி ஒத்துக்கறதில்லை."

"தூசியோ எதுவோ, அது மூக்குலதானே இருக்குது."

கவின் சிரித்தான். பின்னாலேயே சொந்தக்காரர்கள் கூட்டம் வந்தது. ஆளுக்கொரு தரம் கிடாயைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அதன் மூக்கோடு மூக்கு வைத்துக்கூட எடுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தின்னப்போவதைக் கொஞ்சுகிற ஜென்மம் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.

பூசாரி கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடாய் உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். முதல் தடவை தெளித்தபோது கிடாய் பேசாமல் நின்றது. இரண்டாம் தடவை பூசாரியின் வேட்டியைக் கடித்தது. "என்ன குத்தம் வெச்சோம் சாமி?" என்று லோகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாம் தடவை தலையிலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்து உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்புறம் சட்டப்படி கோல். லோகநாதனின் மச்சான் துரைவேல் தன்னுடைய கோலை எடுத்துக் கிடாயின் மூக்கோரத்தில் வைத்தார். மூன்று எண்ணினார். சிவப்பு எரிந்தது.

குலவை நின்றுவிட்டது. கட்டிப்பிடித்தவர்களெல்லாம் நாலடி பின்னால் போய்க் கையை வேட்டியிலும் சேலையிலும் தேய்த்தார்கள். சிவப்பு எரிந்தால் கோலே உணவுக்காவல் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். யாரும் தடுக்க முடியாது. கிடாயும் அது பிறந்த கொட்டகையும் அந்த நிமிடமே அங்கே பதிவாகியிருக்கும்.

"பெரியவரே," என்றார் துரைவேல், "கள்ளத்தனமா என்ன மருந்து போட்டீங்க?"

"நான் எனக்கே மருந்து போட்டதில்லை. ஆட்டுக்கா போடப்போறேன்?"

"அப்புறம் எப்படிச் செவப்பு எரியுது?"

"அதை எரியற கோலைக் கேளு, என்னைக் கேட்டா?"

பூசாரி அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். "சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க. நிறுத்துனாத் தெய்வக் குத்தமாயிரும்."

"வெட்டுனா ஜெயிலுங்க," என்றார் துரைவேல்.

சாமி பெரிதா கோல் பெரிதா என்று அரைமணி நேரம் பேசினார்கள். சென்னியப்பன் அதில் கலந்துகொள்ளவில்லை. அவருக்கு அறுபத்து மூன்று முகங்கள் மனதில் ஓடின. கொம்பு உடைந்தது, ஒற்றைக் காது, போன புதன்கிழமை போட்ட இரட்டைக் குட்டிகள். செவ்வாய்க்கிழமைக்குள் அத்தனையும் குழி.

அலுவலகத்து வண்டி வந்தது. இறங்கினது கால்நடை டாக்டர் கனிஷ்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கமில்லாத முகம். நோயையும் மருந்துக்கு அடங்காத கிருமியையும் ஆராய்ச்சி செய்கிற படிப்பு படித்தவள், செய்கிற வேலை குழி வெட்டுவது. அவள் முதலில் கிடாயைக் கூண்டில் ஏற்றினாள். பிறகு தன் கோலை வைத்துப் பார்த்தாள். அதிலும் சிவப்புதான்.

"ஐயா, உங்க கொட்டகைக்குப் போகணுங்க."

"வா அம்மிணி. அறுபத்து மூணுக்கும் கோல் வை. ஒண்ணு செவப்பு எரிஞ்சாலும் நானே குழியை வெட்டறேன்."

போனார்கள். லோகநாதனும் துரைவேலும்கூடக் காரில் பின்னாலேயே வந்தார்கள். கனிஷ்கா பரணின் மேல் ஏறி, ஒவ்வொரு மூக்காக வைத்தாள். இரண்டு மணி நேரமாயிற்று. அறுபத்து மூன்றும் பச்சை. காலையில் கிடாய்க்குப் பச்சை எரிந்த பதிவும் இருந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேனுங்கய்யா." அவள் கீழே இறங்கி உட்கார்ந்தாள். "ஆனா சட்டத்துல கிருமி எங்கிருந்து வரும்னா, ஆடு பொறந்த எடத்துல இருந்துதான். வேற எடம் எழுதவே இல்லை. நான் இதைப் பச்சைன்னு எழுதி அனுப்பினாலும் குழி குழிதான்."

"எட்டு மணிக்குப் பச்சை. பன்னண்டு மணிக்குச் செவப்பு. நடுவுல அதை யாரு தொட்டா?"

கனிஷ்கா கோலை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் பயம். மனிதன் மூக்கில் கோல் வைப்பது குற்றம். பெருநோய் வருடத்தில் ஓர் ஊரில் அப்படி வைத்துப் பார்த்து, சிவப்பு எரிந்தவர்களை வீட்டுக்குள் வைத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து கோல் ஆட்டுக்கு மட்டும்தான்.

சென்னியப்பனுக்குச் சட்டம் தெரியாது, தெரிந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அவள் மடியில் கிடந்த கோலை எடுத்து, பக்கத்தில் நின்ற துரைவேலின் மூக்கில் வைத்துவிட்டார். துரைவேல் தட்டிவிடுவதற்குள் மூன்று எண்ணியாயிற்று.

சிவப்பு.

"யோவ் கிழவா," என்று துரைவேல் கையை ஓங்கினார். லோகநாதன் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"அடி, பரவால்லை," என்றார் சென்னியப்பன். "அடிச்சுட்டுச் சொல்லு, நீ பொறந்த கொட்டகை எது?"

அப்போது கனிஷ்கா ஒரு காரியம் செய்தாள். கோலை அவரிடமிருந்து வாங்கி, தன் மூக்கில் வைத்துக்கொண்டாள். அதற்கும் சிவப்பு.

"இன்னிக்கு நாலாவது பண்ணை இது," என்றாள். "எல்லா ஆட்டையும் நான் தொட்டிருக்கேன்."

பிறகு அவளே கோயிலுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னாள். வருகிறதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தாள். சம்மதித்தவர்கள் மட்டும் போதும் என்றாள். ஆனால் நிற்காதவனைப் பக்கத்திலிருக்கிறவன் ஒரு மாதிரிப் பார்த்ததால் எல்லோருமே நின்றார்கள். சென்னியப்பனை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்து மூன்று பேர். முப்பத்தொரு பேருக்குச் சிவப்பு. பூசாரிக்குப் பச்சை. அவர் சாமியின் அருள் என்றார்.

கிருமிக்கும் குலம் உண்டு. அந்தந்தக் கிருமியின் உடம்பில் எழுதியிருப்பதைப் படித்து, இது எந்தக் கிருமிக்குப் பிறந்தது என்று கோல் ஓர் எண்ணாகச் சொல்லும். துரைவேலுடைய எண் ஒன்று, கனிஷ்காவுடையது ஒன்று, ஆளாளுக்கு வேறு வேறு. கிடாயில் இருந்த எண் ஒரே ஒரு ஆளுடைய எண்ணோடு பொருந்தியது. கவினுடையது. அந்த எண் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் பிறந்த குலம் என்று கனிஷ்கா சொன்னாள்.

கவின் கீழே உட்கார்ந்துவிட்டான். "நான் நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கீங்க. அது உங்க மூக்குல சும்மா குடியிருக்குது. உங்களை ஒண்ணும் செய்யாது. புண்ணு இருக்கறவங்க பக்கத்துல வந்தாத்தான் வம்பு."

"ஊட்டுன கை," என்றார் சென்னியப்பன். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

எண் கவினுடையது என்று தெரிந்ததால் மேலிடத்தில் குழி வெட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். கிடாயை ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கொண்டுபோய், பச்சை எரிந்த இரண்டு ஆடுகளோடு சேர்த்துக் கட்டினார்கள். தீவனத்தை இயந்திரப் பொறி ஒன்று தொட்டியில் கொட்டியது, மனிதன் யாரும் உள்ளே போகவில்லை. நாலாம் நாள் கிடாய்க்குப் பச்சை எரிந்தது. கூட இருந்த இரண்டுக்கும் சிவப்பே வரவில்லை. மனிதன் தொடாமல் விட்டால் ஆடு தானாகவே தேறிவிடுகிறது. கனிஷ்கா இதையெல்லாம் நாற்பது பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். சென்னியப்பனின் அறுபத்து மூன்றும் பிழைத்தன.

அவளை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பதவி உயர்வு கொடுத்தார்கள். சட்டத்தையும் மாற்றினார்கள்.

புதுச் சட்டம் வந்த பிறகு தை மாதத்தில் சென்னியப்பன் கொட்டகையைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் எழுந்தது. கட்டி முடிக்கிற வரை ஒரு மாதம் அவரை ஆடுகளின் பக்கமே விடவில்லை, தீவனத்தைப் பொறி கொட்டியது. வாசலில் இரும்புக் கதவு. கதவில் மூக்கு உயரத்தில் ஒரு கோல். மூக்கை வைத்து, பச்சை எரிந்தால்தான் கதவு திறக்கும். கிருமியிலிருந்து ஆட்டைக் காப்பாற்றுகிற ஏற்பாடு, நாட்டிலுள்ள எல்லாக் கொட்டகைக்கும் இதுதான் என்றார்கள். கிடாயையும் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள்.

முதல் நாள் காலையில் தீவனச் சட்டியோடு போய் மூக்கை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கதவை ஒரு உதை விட்டார். உள்ளே ஒற்றைக்காது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தின்னப் போயிற்று. பொறி ஏற்கெனவே தீவனம் கொட்டியிருந்தது.

அன்றைக்கே லோகநாதனும் வந்தார், பாதியில் நிற்கிற நேர்த்திக்கடனை முடிக்க. அவருக்கும் கதவு திறக்கவில்லை. சென்னியப்பனின் எண்ணைக் கதவிலேயே படித்துப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"எங்க கவினோட எண்ணுங்கண்ணா இது. கோயில்ல கயித்தைப் பிடிச்சுட்டு நின்னீங்கல்ல."

"அதனால?"

"இனிமே நீங்களும் எங்க பங்காளிங்க."

"வாயைக் கழுவு."

கனிஷ்கா மறுநாள் வந்தாள். இப்போது பெரிய அதிகாரி, ஆனாலும் தானாகத்தான் வந்தாள். இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள்.

"நீ உள்ள போறதில்லையா அம்மிணி?"

"ஆறு மாசமா ஒரு ஆட்டைத் தொடலீங்கய்யா. தெனம் காலையில வெச்சுப் பார்க்கறேன். செவப்புதான்."

"ஆட்டுக்கு நாலு நாள்ல போச்சே."

"ஆடு ஆடுகளோட மட்டும் இருந்துச்சு. நாம மனுசங்களோட இருக்கோம். நமக்குப் போனாலும் பஸ்ஸுல திருப்பி வாங்கிட்டு வந்துருவோம்."

சென்னியப்பன் கதவைக் காட்டினார்.

"அப்ப மனுசன் இல்லாத எடத்துல நாலு நாள் இருந்தா எனக்கும் போயிரும்."

"போகலாமுங்க."

"அப்படி எடம் இந்த நாட்டுல இது ஒண்ணுதான். என்னை உள்ள விடு. ஆட்டோடவே படுத்துக்கறேன். பச்சை ஆயிட்டு வர்றேன்."

"பச்சை ஆனாத்தானுங்கய்யா உள்ள விட முடியும்."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

கனிஷ்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். மூக்கில் விடுகிற சொட்டு. மனிதனுக்கென்று பூட்டி வைத்த கடைசி மருந்து அது. கொட்டகைக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று போன வாரம் உத்தரவாகியிருந்தது. "அஞ்சு நாள் விட்டுக்கங்க. பச்சை எரிஞ்சதும் உள்ள போயிட்டு வரலாம். திரும்பச் செவப்பு வந்தா, திரும்ப அஞ்சு நாள்."

"எத்தனை பேருக்குக் குடுக்கறீங்க?"

"நாடு முழுக்கங்க. லட்சக்கணக்குல வரும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் குப்பியை நீட்டினாள்.

"கிருமி இதுக்கும் பழகிருச்சுன்னா, அப்புறம் என்ன மருந்து?"

"அப்புறம் இல்லீங்கய்யா."

"ஆட்டுக்குத் தீவனத்துல கலந்தாங்க, தப்புன்னீங்க. சரி. இப்ப ஆட்டுக்காரனுக்கு மூக்குல கலக்கறீங்க. எனக்குப் படிப்பில்லை, அதனால கேக்கறேன். இது ரெண்டும் வேற வேறயா?"

"உங்களுக்கு ஆட்டைப் பார்க்கணுமா வேண்டாமாங்கய்யா?" என்றாள் கனிஷ்கா. கோபமாகக் கேட்கவில்லை. அவள் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வேற வழி தெரியலை. தெரிஞ்சாச் சொல்லுங்க, அதையும் நாப்பது பக்கம் எழுதறேன்."

அவரிடமும் வழி இல்லை. உள்ளே ஆடுகள் பரணின் மேல் நிழல் பக்கமாக ஒதுங்கி அசைபோட்டுக்கொண்டிருந்தன. மினுமினுவென்று இருந்தன. அவர் பார்த்துக்கொண்ட காலத்தில்கூட இத்தனை நன்றாக இருந்ததில்லை. கொம்பு உடைந்தது இரண்டு குட்டி போட்டிருந்தது. அவர் இல்லாமலேயே போட்டிருந்தது. இரண்டும் ஆளைக் கண்டால் என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறித்தன.

குப்பியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். ஒரு புளியங்கொட்டை கனம்தான் இருக்கும். மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடிச் சுவரின் கீழ் விளிம்பில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ அம்மிணி. காயம் பட்டு வர்றவனுக்கு வெச்சிரு."

"அப்ப நீங்க?"

"அந்தக் கோல் பொய் சொல்லுது. என்ற மூக்கு எனக்குத் தெரியாதா?"

"பொய் சொல்லலீங்கய்யா."

"அப்ப நீயும் பொய் சொல்றே, அதுவும் பொய் சொல்லுது," என்றார் சென்னியப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டகையைத் திரும்பிப் பார்க்காமல் வண்டித்தடத்தில் ரோட்டை நோக்கி நடந்தார்.